நோயைச் சொல்லாமல் மருந்து கேட்டோம்

சென்ற தமிழ் மன்றக் கூட்டத்திற்கு வந்திருந்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். கிளட்ச் என்னும் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒன்றரை மணி நேரம் வாதிட்டோம். உரசிணைப்பி என்றார் ஒருவர். பற்றி என்றாலே போதும், சுருக்கமாக இருக்கிறது என்றார் மற்றொருவர். "அப்படியானால் பற்றியைப் பற்றிப் பேசுவோம்" என்று மூன்றாமவர் சொன்னதும் கூட்டம் சிரித்துக் கலைந்தது. தேநீர் ஆறிப்போயிற்று. முடிவு ஏதும் கிட்டவில்லை.

அன்று நான் வாய் திறக்கவில்லை. இயந்திரப் பொறியியலில் ஆராய்ச்சி செய்பவன் ஏன் வாளாவிருந்தான் என்று பின்னர்ச் சிலர் கேட்டனர். காரணத்தை இங்கே எழுதுகிறேன். எழுதிய பின் என்மீதுள்ள மதிப்புச் சற்றுக் குறையலாம். குறையட்டும்.

என் கருத்து இது. பெயர்ச்சொல்லுக்காக நாம் இவ்வளவு போராட வேண்டியதில்லை. கிளட்ச் கிளட்சாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நம்மிடம் இல்லாமற்போனது வினைச்சொல். வண்டி என்ன செய்கிறது, பெடல் காலுக்கு எப்படித் தெரிகிறது என்று எடுத்துச் சொல்லும் சொல். அது இல்லாத குறையால் நம் மன்றத்திற்கு ஐயாயிரத்து நானூறு ரூபாய் நட்டம். நண்பன் ஒருவனுக்கு நேர்ந்த இழப்பை ரூபாயில் எழுத முடியாது.

நம் மன்றத்து வண்டியை அறியாதவர் இல்லை. ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பேராசிரியர் ஒருவர் நம் கையில் விட்டுச்சென்ற மாருதி 800. 1983-இல் முதன்முதல் வெளிவந்து 2014-இல் உற்பத்தி நின்றுபோன வகை. முன்பக்கத்தில் மூன்று சிலிண்டர் எஞ்சின், இழுப்பவை முன்சக்கரங்கள், கியர் நான்கு. நம் கதைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அதன் கிளட்ச் பெடலுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே இருப்பது ஒரு கம்பிக் கயிறு. கேபிள் என்பார்கள். பம்பு இல்லை, எண்ணெய் இல்லை. மோட்டார் சைக்கிளில் இடக்கைப் பிடியிலிருந்து எஞ்சினுக்கு ஓடுகிறதே, அதே ஏற்பாடுதான். இது சற்றுத் தடிமன்.

ஆகஸ்டு மாதம் பெடல் கனக்கத் தொடங்கியது. ஒரே நாளில் வந்த கனம் அன்று. விடுமுறை முழுதும் மரத்தடியில் நின்ற வண்டி. மழை தொடங்கிய பின் வாரத்திற்கு வாரம் இடக்கால் கூடுதலாக உழைக்க வேண்டியிருந்தது. அழுத்தினால் பெடல் வழுவழுவென்று இறங்காமல் நறநறவென்று இறங்கியது. பிறகு ரிவர்ஸ் போடும்போது கியர் உறுமத் தொடங்கிற்று.

"என்ன கோளாறு அண்ணா?" என்று கேட்டான் முதலாண்டுத் தம்பி ஒருவன்.

"கிளட்ச் பிளேட் போய்விட்டது" என்றேன்.

எப்படி அறிந்தேன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விழித்திருப்பேன். சிறு வயது முதல் ஊரில் காதில் விழுந்தது அது ஒன்றுதான். கிளட்சில் எது வந்தாலும் பிளேட் போய்விட்டது என்பார்கள். ஆராய்ச்சி மாணவன் சொல்லிவிட்டான். அதற்குமேல் முறையீடு ஏது? பொங்கல் விழாவுக்கெனச் சேர்த்திருந்த நிதியிலிருந்து கடன் எடுத்தோம். பட்டறை ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுபோனோம்.

அங்கே நடந்ததை நான் மறக்கவில்லை. பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "க்யா ஹோதா ஹை?" என்ன ஆகிறது என்று பொருள். இவ்வூரில் இரண்டாண்டு இருந்தும் என் இந்தி கடைத்தெரு இந்தி. எவ்வளவு, குறைத்துக்கொள், இடப்பக்கம் திரும்பு, போதும். இவ்வளவே என் சொற்செல்வம். ஆகவே அவர் கேட்ட கேள்விக்கு, "கிளட்ச் பிளேட், பதல் தோ" என்றேன். மாற்றிவிடு என்று ஆணை. அவர் மறுபடியும், "க்யா ஹோதா ஹை?" என்றார். நான் மறுபடியும் அதையே சொன்னேன், குரலை உயர்த்தி. மொழி புரியாதபோது குரலை உயர்த்தினால் புரியும் என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை.

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். கியர்பெட்டியை இறக்கினார். பிளேட், அதை நெருக்கும் அழுத்தத் தட்டு, பேரிங் மூன்றையும் புதிதாகப் போட்டார். கழற்றிய பழைய பிளேட்டை என் கையில் தந்தார். ரிவிட்டுத் தலைகளுக்கு மேலே உராய்வுப் பட்டை இன்னும் நல்ல கனத்தில் இருந்தது. கண்ணால் பார்த்தேன். பார்த்தும் எண்ணவில்லை. கியர்பெட்டியை இறக்குவதற்காக அவிழ்த்த கேபிளை அவர் திரும்பவும் அதே கொக்கியில் மாட்டினார். அதையும் பார்த்தேன்.

பெடல் சற்று இலேசாயிற்று. புது அழுத்தத் தட்டின் இலேசு அது. நாங்களோ நோய் தீர்ந்தது என்று மகிழ்ந்தோம். ரிவர்ஸ் கியர் மட்டும் இன்னும் அவ்வப்போது உறுமியது. புதுப் பிளேட் பழகவேண்டும் என்று நானே ஒரு விளக்கமும் கண்டுபிடித்தேன்.

மூன்று வாரம் சென்றது. செப்டம்பரில் ஒரு மாலை. நண்பன் ஒருவனுடைய அம்மாவுக்கு மதுரையில் அறுவைச் சிகிச்சை, நாள் குறித்தாகிவிட்டது. அவன் அன்றிரவு முகல்சராயில் வண்டி ஏறவேண்டும். 2018 முதல் அந்த நிலையத்திற்கு வேறு பெயர். எங்கள் நாவில் பழைய பெயரே நிற்கிறது. மூன்று பேர் கிளம்பினோம். சாம்னே காட் பாலத்தைத் தாண்டி ராம்நகருக்குள் நுழைந்தோம். ராம்லீலா நடக்கும் மாதம் என்பதை மறந்துவிட்டோம். காசி அரசரின் ஊரில் ஒரு மாதம் போல நடக்கும் விழா. மாலையானால் ஊரே தெருவில் நிற்கும். பத்தடி நகர்வதும் நிற்பதுமாக ஊர்ந்தோம். ஒவ்வொரு நகர்வுக்கும் கிளட்ச். கணக்கெடுத்தால் அந்த அரை மணியில் இருநூறு முறையாவது மிதித்திருப்பேன்.

டக் என்றொரு ஓசை. பெடல் தரையோடு படிந்தது. வண்டி ஒரு குதி குதித்து நின்றது.

நண்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ தேடி ஓடினான். அந்தக் கூட்டத்தில் ஆட்டோவும் எங்களைப் போலத்தான் ஊர்ந்திருக்கும். வண்டி போய் இருபது நிமிடம் கழித்து நிலையம் சேர்ந்தான். மறுநாள் வண்டியில்தான் இடம் கிடைத்தது. அவன் அம்மா நலமாக இருக்கிறார். ஆனால் அறுவைக்குள் அழைத்துச் செல்லுமுன் மகன் வந்துவிட்டானா என்று இருமுறை கேட்டாராம். இதை அவன் எங்களிடம் சொல்லவில்லை. அவன் தங்கை தொலைபேசியில் சொன்னாள். அவன் இன்றுவரை வண்டியைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ராம்நகர்த் தெருவோரத்தில் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். இவ்வூரார் மிஸ்திரி என்பர். நாங்கள் சாச்சா என்று அழைத்தோம், சித்தப்பா முறை. பானெட்டைத் திறந்து, கேபிளின் அறுந்த நுனியை இழுத்து விளக்கொளியில் காட்டினார். கம்பிக் கயிறு பல மெல்லிய இழைகளை முறுக்கியது என்பது தெரிந்ததே. அறுந்த முனையில் பெரும்பாலான இழைகள் துருவேறிப் பழுப்பாயிருந்தன. நாலைந்து இழைகள் மட்டும் பளபளவென்று மின்னின. பழுத்தவை என்றோ அறுந்தவை. மின்னியவை அன்று அறுந்தவை. வாரக்கணக்கில் ஒவ்வோரிழையாக அறுந்துகொண்டே வந்திருக்கிறது. அந்த நறநற ஓசை அதுதான். அறுந்த இழைகள் உறைக்குள் சிலிர்த்துக்கொண்டு உரசிய ஓசை. எஞ்சிய இழைகள் நீண்டு கொடுத்ததால் பெடல் முழுதும் இறங்கியும் கிளட்ச் முழுதும் பிரியவில்லை. ரிவர்ஸ் உறுமியது அதனால். எல்லாவற்றையும் பெடல் சொல்லிக்கொண்டேயிருந்தது. கேட்க ஆளில்லை.

உடன் வந்த தம்பிக்கு இந்தி நன்றாக வரும். சாச்சா கேட்டவற்றை அவன் எனக்குச் சொன்னான். கனம் மெல்ல மெல்ல வந்ததா, திடீரென்று வந்ததா? உறுமியது எந்தக் கியர்? மேடு ஏறும்போது எஞ்சின் மட்டும் கத்தி வண்டி சோம்பியதா? மூன்றே கேள்விகள். மூன்றாவதற்கு இல்லை என்றேன். "அப்படியென்றால் பிளேட்டில் ஒன்றுமில்லையே" என்றார். பிளேட்டை மூன்று வாரத்துக்கு முன்புதான் மாற்றினோம் என்று சொன்னதும் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் குனிந்துகொண்டார். அந்தப் பண்பாடு எனக்கு வாய்க்காது.

புதுக் கேபிள், கூலி எல்லாம் சேர்த்து நானூற்றைம்பது ரூபாய். அரை மணி நேர வேலை.

விடுதிக்குத் திரும்பியதும் நண்பர்கள் முதல் பட்டறைக்காரர்மீது பாய்ந்தனர். ஏமாற்றிவிட்டான், போய்க் கேட்போம், வெளியூர்ப் பிள்ளைகள் என்று இளக்காரம் என்றெல்லாம் பேச்சு. நான் தடுத்தேன். அவர் எங்களை ஏமாற்றவில்லை. இருமுறை என்ன ஆகிறது என்று கேட்டார். நான் நோயைச் சொல்லாமல் மருந்தைச் சொன்னேன். மருத்துவரிடம் போய், "ஐயா, எனக்கு வயிற்றைக் கிழித்துத் தையுங்கள்" என்று கேட்பவன் உண்டா? கேட்டுவிட்டுப் பின்னர் அவரை வைவானா? கேபிளையும் ஒரு முறை பார்த்திருக்கலாம் என்று அவர்மீது சிறு குறை சொல்லலாம். பெருங்குறை என்மீது.

என் இந்தி போதாது என்று தப்பித்துக்கொள்ளவும் மனம் இடந்தரவில்லை. அன்றிரவு படுக்கையில் கிடந்து, அதே கேள்வியைத் தமிழில் கேட்டுக்கொண்டேன். என்ன ஆகிறது? தாய்மொழியிலும் எனக்கு வந்த விடை, "பெடல் டைட்டாக இருக்கிறது" என்பது மட்டுமே. நறநறப்பு காலுக்குத் தெரிந்திருந்தது, வாய்க்கு வரவில்லை. சொல்லாகாதது எண்ணமாகவும் ஆகவில்லை. கலைச்சொல் கூட்டத்தில் நான் வாளாவிருந்த காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

அதன் பின் சில ஞாயிற்றுக்கிழமைகள் சாச்சாவின் கடைத் திண்ணையில் உட்கார்ந்தேன். நான் நூலில் படித்ததும் அவர் கையால் அறிந்ததும் ஒன்றோடொன்று பொருந்தின. நூலில் இல்லாதது வரிசை: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்பது. அவருடைய வரிசை எளிது. காசு செலவில்லாதது முதலில், கியர்பெட்டியை இறக்குவது கடைசியில். ஒரு நாள் கிளட்ச் இறங்கவில்லை என்று வந்த வண்டியில் அவர் செய்தது காலடியில் மடிந்து பெடலுக்குக் கீழே சிக்கியிருந்த விரிப்பை இழுத்துப் போட்டதுதான். கூலி வாங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான செய்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் இதைத் தலைகீழாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். கிளட்ச் பெடலை அழுத்தினால் சேர்வதில்லை, பிரிகிறது. எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம் ஒன்று. அதன்மேல் பிளேட்டை வைத்து, வில்லின் வலிமையால் அழுத்தத் தட்டு நெருக்கிப் பிடித்திருக்கிறது. பிளேட் கியர்பெட்டியின் அச்சில் இருக்கிறது. காலை எடுத்தால் மூன்றும் ஒன்றாகச் சுழலும். மிதித்தால் அந்தப் பிடி தளர்ந்து பிளேட் விடுபடும். ஆகவே கோளாறு பெரும்பாலும் இரண்டு வகை. பிடிக்க வேண்டியபோது பிடிக்காமை. விட வேண்டியபோது விடாமை. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இரண்டையும் 'கிளட்ச் போச்சு' என்று ஒரே சொல்லில் அடைப்பதால்தான் வம்பு.

பிடிக்காததை வழுக்குகிறது என்று சொல்லுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் கூச்சலிடும், வண்டி வேகம் கொள்ளாது. மேட்டில் நன்றாகத் தெரியும். கருகல் நாற்றமும் வரலாம். ஐயம் இருந்தால் சமதரையில் கைப்பிரேக்கை இறுக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, உச்சக் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டேயிருந்தால் வழுக்குகிறது. இதை ஒரு முறைக்குமேல் செய்து பார்க்க வேண்டாம். சோதனையே பிளேட்டைத் தின்றுவிடும். வழுக்குவது உறுதியானாலும் உடனே பிளேட் என்று முடிவு கட்டாதீர்கள். பெடலில் ஓய்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஓய்வு என்று நான் சொல்வது, பெடலைக் கையால் அழுத்தும்போது தொடக்கத்தில் எதிர்ப்பின்றி இறங்கும் அந்தச் சிறு தூரம். நம்முடையதைப் போன்ற சிறு கேபிள் வண்டிகளில் ஏறத்தாழ 15 முதல் 25 மில்லிமீட்டர். உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். பிளேட் தேயத் தேய இந்த ஓய்வு குறைந்துகொண்டே வரும். ஓய்வே இல்லையானால், கால் வைக்காதபோதும் கிளட்ச் அரைகுறையாக மிதிபட்டபடியே இருக்கிறது என்று பொருள். கேபிளின் முனையில் உள்ள நட்டைச் சில சுற்றுத் தளர்த்தினால் தீர்ந்துபோகலாம். தீராவிட்டால்தான் எண்ணெய்க் கசிவையும் பிளேட்டின் தேய்வையும் எண்ண வேண்டும்.

காலால் அல்ல, கையால் அழுத்திப் பாருங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கால் முரடு. கைக்குத்தான் அந்தச் சில மில்லிமீட்டர் தெரியும்.

விடாத கிளட்சைக் காட்டிக்கொடுப்பது ரிவர்ஸ். முன்கியர்களில், சுழலும் பற்களின் வேகத்தை ஒத்திசைத்துச் சேர்க்கும் ஏற்பாடு உண்டு. அது சிறு குறையை மறைத்துவிடும். பழைய வண்டிகளின் ரிவர்ஸில் பெரும்பாலும் அது இல்லை. எஞ்சின் மெல்ல ஓட, பெடலை முழுதும் மிதித்து, சில விநாடி காத்திருந்து, பிறகு ரிவர்ஸ் போடுங்கள். ஓசையின்றி விழுந்தால் நலம். காத்திருந்த பின்பும் உறுமினால் கிளட்ச் விடவில்லை. ஓய்வு மிகுதியாகிவிட்டதா, கேபிள் நீண்டுவிட்டதா, பெடலின் ஆணி தேய்ந்ததா, கேபிள் ஊன்றியிருக்கும் தகடு பெடலை மிதிக்கும்போது வளைகிறதா என்று முதலில் வெளியே தேடவேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு ஓர் ஆள் மிதிக்க ஓர் ஆள் பார்க்கவேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியானால் பிளேட்டே துருவில் ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும்.

எங்களை ஏமாற்றிய கனத்திற்கு வருகிறேன். பெடல் கனக்கிறது என்றால் கியர்பெட்டிப் பக்கத்தில் கேபிளைக் கழற்றிவிட்டு, பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். அப்போதும் நறநறவென்றால் குற்றம் கேபிளிலோ பெடலின் ஆணியிலோ இருக்கிறது. கியர்பெட்டிக்கு அதில் பங்கில்லை. பெடல் காற்றைப் போல இறங்கினால்தான் அந்தப் பக்கத்து நெம்புகோலையும் உள்ளே உள்ளதையும் ஐயுற வேண்டும். ஒரு கொக்கியைக் கழற்றும் வேலை. பத்து நிமிடம். எங்கள் ஐயாயிரத்து நானூறு ரூபாயும், நண்பனுடைய ஒரு நாளும் அந்தக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தன. கியர்பெட்டியை இறக்கிய அன்று அந்தக் கொக்கி கழன்றே கிடந்தது. அப்போது ஒருவராவது பெடலைத் தொட்டுப் பார்த்திருந்தால்!

பல பெரிய வண்டிகளிலும் பிற்காலக் கார்களிலும் கேபிளுக்குப் பதில் திரவம் வேலை செய்கிறது. அங்கே பெடல் கனப்பதைவிடத் தொய்வதே மிகுதி. பஞ்சை மிதிப்பதுபோல இருக்கும். இரண்டு மூன்று முறை விரைந்து மிதித்தால் சற்று உயிர் வரும். குழாயில் காற்று புகுந்திருக்கும், அல்லது ரப்பர் முத்திரை தேய்ந்து கசியும். குப்பியில் திரவ மட்டத்தைப் பாருங்கள். பெடலின் பின்புறமும், கியர்பெட்டி அருகிலுள்ள சிறு உருளையின் உறைக்குள்ளும் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். குறைந்த மட்டத்தை எஞ்சின் எண்ணெயால் நிரப்பிய அறிவாளி ஒருவரை நம் விடுதியிலேயே அறிவேன். அதில் ஊற்றவேண்டியது பிரேக் திரவம். மற்ற எண்ணெய் ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும்.

கத்துவது, உதறுவது பற்றி நிறைய எழுத வேண்டாம். பெடலை அழுத்தும்போது மட்டும் கத்தினால் கிளட்ச் பேரிங்கை ஐயுறலாம். காலை எடுத்தால் கத்தி, அழுத்தினால் அடங்கினால் குற்றம் கியர்பெட்டியின் முன்னச்சுப் பேரிங்கில் இருக்கலாம். கிளம்பும்போது வண்டி உதறினால் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் நைந்திருந்தாலும் அப்படித்தான் உதறும்.

இவ்வளவையும் மாணவன் அறிந்து என்ன பயன், மெக்கானிக்குக்குத் தெரியாதா என்று கேட்பாரும் உளர். தெரியும். அவருக்கு என்னைவிட நூறு மடங்கு தெரியும். ஆனால் பெடலை நாள்தோறும் மிதித்தவன் நான். கனம் எந்த வாரம் தொடங்கியது என்பதும், மழைக்கு முன்பா பின்பா என்பதும் அவர் அறிய வழியில்லை. நான் சொல்லித்தான் தெரியவேண்டும். நான் செய்ய வேண்டிய வேலையை விட்டுவிட்டு அவர் செய்ய வேண்டிய வேலையைச் செய்தேன். அதுதான் பிழை.

கிளட்சே இல்லாத மின்கார்கள் வந்துவிட்டன, இனி எதற்கு இந்தப் பழங்கதை என்றும் ஒரு நண்பர் எழுத்துப்படி பார்த்தபோது கேட்டார். அவர் அறைக்கு வெளியே நிற்கும் மோட்டார் சைக்கிளின் இடக்கைப் பிடியை அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். அமுக்கினார். நறநறவென்றது. முகம் சற்று மாறிற்று. மாலையில் கேபிள் வாங்கிவரப் போயிருக்கிறார்.

மன்றத்துக் கலைச்சொற் குழுவுக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு. அடுத்த கூட்டத்தில் கனக்கிறது, வழுக்குகிறது, விடவில்லை, தொய்கிறது, உதறுகிறது, கத்துகிறது என்னும் ஆறு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இவ்வூர் இந்தியில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி, தமிழும் இந்தியுமாக ஒரு சிறு தாளில் அச்சிடுங்கள். இவற்றை நான் புதிதாகப் புனையவில்லை. நம்மூர்ப் பட்டறைகளில் நாள்தோறும் வழங்கும் பேச்சுத்தான். சாச்சா தம் பங்குக்கு ஆறுக்கும் இந்திச் சொல் சொல்லித் தந்துவிட்டார்; குறித்து வைத்திருக்கிறேன். பற்றியா உரசிணைப்பியா என்பதை அதற்கடுத்த கூட்டத்தில் ஆற அமர வைத்துக்கொள்ளலாம். நானும் வந்து ஒரு பக்கம் சேர்ந்து கத்துகிறேன்.

வண்டி இப்போது விடுதி வேப்பமரத்தடியில் நிற்கிறது. டாஷ்போர்டு அறையில் மாற்றுக் கேபிள் ஒன்று சுருட்டி வைத்திருக்கிறது. யாரும் அதைக் கொடிக்கயிறாக எடுத்துப்போக வேண்டாம். ஓட்டுவோர் இடக்காலைப் பெடலின்மேல் ஓய்வாக வைத்துக்கொள்ளும் வழக்கத்தை விடவேண்டும். ரிவர்ஸ் போடுமுன் மூன்று எண்ணுங்கள். உறுமினால் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். நோட்டு கேபிளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொங்கல் நிதிக்கு நான் இன்னும் ஆயிரத்து நூறு ரூபாய் தரவேண்டும். மார்கழிக்குள் தந்துவிடுவேன்.